பானலைத் திறக்க வழி வையுங்கள்

வேனை, உள்ளேயே படுத்து, சமைத்து, குளிக்கிற கேரவனாக மாற்றிக் கட்டித் தரும் நிறுவனங்களின் முதலாளிகளுக்கும், அங்கே வேலை பார்க்கும் மேஸ்திரி, ஃபிட்டர், வயர்மேன், தச்சர் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பெரம்பூர்க்காரன். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெறும் இரும்புக் கூடாக வரும் பெட்டிக்குள் பலகை, சீட்டு, கதவு, தண்ணீர்க் குழாய், கக்கூஸ் என்று எல்லாவற்றையும் பொருத்துவது அந்தப் பிரிவின் வேலை. என் தம்பி மகன் தண்டையார்பேட்டையில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். குடும்பமாகக் கோயில் குளம் போகிறவர்கள் லாட்ஜ் தேடி அலையாமல் வண்டியிலேயே தங்கட்டும், வாடகைக்கு விடலாம் என்று ஒரு புது வேன் எடுத்து, உங்களில் ஒருவரிடம் கொடுத்துக் கேரவனாகக் கட்டி வாங்கினான். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்குத் தனியாகக் கடிதம் போயிருக்கிறது. அதற்கப்புறம் வேறு சிலர் கட்டிய வண்டிகளிலும் ஏறிப் பார்த்தேன். பெரும்பாலும் இதே குறைகள்தான். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

வண்டி ஒழுகியது என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஓடுகிற வண்டியில் எல்லாமே ஒருநாள் ஒழுகும், ஆடும், கழலும். ரயில் பெட்டியும் அப்படித்தான். ஒழுகுகிற இடத்துக்குக் கை போக வழியே இல்லாமல் கட்டியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதல் பெரிய மழையில் படுக்கைக்கு மேலே இருந்த எல்.இ.டி. விளக்கு வழியாகத் தண்ணீர் சொட்டியது. விளக்கில் சொட்டினால் ஓட்டை அங்கேதான் என்று அர்த்தமில்லை. கூரையில் எங்கோ புகுந்த தண்ணீர், உள்பக்கத்தை மூடும் பலகையான பானலின் முதுகில் ஓடி, கிடைத்த துளையில் இறங்கும். மேல் பானலைக் கழற்றினால்தான் எங்கே புகுகிறது என்று தெரியும். கழற்றப் போனால் ஒரு ஸ்க்ரூ இல்லை. ஸ்க்ரூத் தலை தெரிந்தால் அழகு கெட்டுவிடுமாம். முழுப் பானலையும் பசை தடவி ஒட்டி, ஓரத்தைப் பீடிங் பட்டை வைத்து மூடியிருந்தார்கள். உடைத்துத்தான் எடுத்தோம்.

உள்ளே கண்டது இது. கூரையில் ஏ.சி. உட்காருவதற்காகத் தகட்டை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய விளிம்புக்குப் பிரைமர்கூட அடிக்கவில்லை. புது வண்டியில் அதற்குள் துரு. சுற்றிலும் வெறும் சிலிக்கானைப் பிதுக்கி விட்டிருந்தார்கள். பாத்ரூம் கண்ணாடிக்குச் சிலிக்கான் சரி. ஒவ்வொரு பள்ளத்திலும் முறுக்கிக்கொள்ளும் வேன் கூரைக்கு, ஆட்டத்துக்கு இழுபட்டுக் கொடுக்கிற பொருள் வேண்டும்: அடி அடுக்காகப் பியூட்டைல் டேப், அதன் மேல் பாலியூரித்தேன் சீலன்ட். சிலிக்கானில் இன்னொரு தொல்லை, பிய்ந்த இடத்தில் புதுச் சிலிக்கான் போட்டால் பழையதன் மேல் ஒட்டாது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெயில் இறங்காமலிருக்க வைத்த கிளாஸ் வூல் என்ற கண்ணாடி நார்ப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கியது. ஈரமான கிளாஸ் வூல் வெப்பத்தைத் தடுக்காது. ஈரத்தைத் தகட்டோடு சேர்த்து வைத்துத் துருவைத்தான் வளர்க்கும்.

இந்த வண்டி நிற்பதும் ஓடுவதும் வட சென்னையில். தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பினால் எண்ணூர் விரைவுச் சாலை, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை. திருவொற்றியூரில் கடலோரம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், உப்புக் காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்யும் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஓடும் வண்டிக்கு, வீட்டில் ஜிப்சம் போர்டு அடிக்கிற கருப்பு ஸ்க்ரூவைப் போட்டிருக்கிறார்கள். அது ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், ஆட்டம் தாங்காமல் கழுத்தில் ஒடியும். கழற்றும்போது பாதிக்குப் பாதி தலை கையோடு வந்துவிட்டது. உள்ளே எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரக ஸ்க்ரூவும், வெளிப்பக்கம் உப்புக்கு இன்னும் தாங்கும் 316-உம் போட்டிருந்தால் ஒரு வண்டிக்கு எவ்வளவு கூடியிருக்கும்? கலர் மாறும் விளக்குப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கிறார்களே, அதற்கு ஆன செலவைவிட நிச்சயம் குறைவு.

எங்கள் தொழிற்சாலையில் பெட்டி வெளியே போவதற்கு முன்னால் ஷவர் டெஸ்ட் உண்டு. மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தண்ணீரைப் பீய்ச்சி, உள்ளே ஆள் நின்று மூலை மூலையாகப் பார்ப்பார்கள். உங்களுக்கு அதற்குப் பெரிய மேடை எதுவும் தேவையில்லை. ஒரு பம்ப், துளை போட்ட நாலு குழாய், அரை நாள் போதும். ஆனால் பானல் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒட்டிவிட்டுத் தண்ணீர் அடித்தால் வாடிக்கையாளர் படுக்கைக்கு வந்து சேரும்வரை யாருக்கும் தெரியாது.

அடுத்தது தண்ணீர். தண்ணீர்த் தொட்டி படுக்கைக்கு அடியில். தொட்டிக்கு மூடி இருக்கிறது, அதன் மேலேயே கட்டில் சட்டம் ஓடுகிறது. மூடியைப் பாதிகூடத் திருப்ப முடியாது. குடும்பம் குடும்பமாக வாடகைக்குப் போகும் வண்டியில் தொட்டியைக் கழுவ முடியாது என்றால் அந்தத் தண்ணீரில் யார் முகம் கழுவுவார்கள்? குழாய்களை வீட்டுக்குப் போடுவதுபோல விறைப்பான சி.பி.வி.சி. பிளாஸ்டிக்கில் பசை போட்டு இணைத்திருக்கிறார்கள். சுவரில் பதித்த குழாய் ஆடாது, வேனில் பதித்தது நாள் முழுக்க ஆடும். சமையல் மேடைக்குப் பின்னால் ஒரு இணைப்பு விரிசல் விட்டுவிட்டது. அந்த இணைப்பைத் தொட, அடுப்பைத் தூக்கி, சிங்க்கைக் கழற்றி, அலமாரியை வெளியே எடுக்க வேண்டும். அலமாரியைச் சுவரோடு இறுக்கிய ஸ்க்ரூவோ சிங்க்குக்குப் பின்னால். எது முன்னால் எது பின்னால் என்று கட்டும்போதே ஒருவர் யோசித்திருந்தால், பலகையில் ஒரு சாண் அளவுக்குக் கதவு வெட்டி இரண்டு கீல் போட்டிருப்பார். வளைந்து கொடுக்கும் ஹோஸும் கிளாம்ப்பும் போட்டிருந்தால் அந்தக் கதவைத் திறக்க வேண்டிய வேலையே அடிக்கடி வந்திருக்காது.

சிங்க்குக்குக் கீழே வளைவுக் குழாயே வைக்கவில்லை. வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் கழிவுத் தொட்டியின் நாற்றத்தை மேலே வராமல் தடுக்கிறது. இது தெருமுனை பிளம்பருக்கும் தெரியும். இடம் இல்லை என்றார்கள். மேலே விளக்கு எரியும் கண்ணாடி அலமாரிக்கு இடம் இருந்தது.

குளிக்கும் இடத்தின் தரைக்கு ஒரே ஒரு வடிகால், ஒரு மூலையில். ஷெட்டில் வண்டி மட்டமாக நிற்கும், தண்ணீர் அந்த மூலைக்குப் போகும். வெளியே எந்தத் தரை மட்டமாக இருக்கிறது? வண்டி கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்து நின்றால் தண்ணீர் கதவுக்கு அடியில் புகுந்து ஹாலுக்கு வருகிறது. எதிரெதிர் மூலையில் இரண்டு வடிகால் வைத்தால் தீர்ந்தது. அதே குளியலறையின் சுவருக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை போட்டு மேலே மைக்கா ஒட்டியிருந்தார்கள். விளிம்பில் தண்ணீர் ஏறி உப்பிவிட்டது, அதில் இறுக்கிய ஸ்க்ரூவெல்லாம் பிடி விட்டது. தண்ணீர் புழங்கும் இடத்தில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளை போடவேண்டும் என்று தச்சருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் கேட்டிருப்பார், கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். தரையின் ஃபைபர் தட்டும் விரிசல் விட்டது. அதைக் காசிமேட்டில் படகுக்கு ஃபைபர் போடும் ஆளைக் கூட்டிவந்து சரி செய்தோம். பார்த்துவிட்டு, "அடியில ஒண்ணுமே குடுக்காம தட்ட வெச்சுட்டாங்க, கால் வெச்சா வளையத்தான் செய்யும்" என்றார். கீழே தாங்குகட்டை வைத்துத்தான் மேல் வேலையைத் தொடங்கினார்.

எடை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்காக எடைமேடைகள் இருக்கின்றன. தண்ணீர் நிரப்பி, சிலிண்டர் வைத்து வண்டியை அங்கே ஏற்றினோம். மொத்த எடை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வரம்பை ஒட்டி நின்றது. ஆட்களும் பெட்டி படுக்கையும் ஏறினால் தாண்டிவிடும். அப்புறம் இடது சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடுத்தோம், வலதுக்கும் அதே மாதிரி. இடது பக்கம் நன்றாகவே கூடுதல். காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. சமையல் மேடை, ஃபிரிட்ஜ், பேட்டரிகள், குளியலறை எல்லாம் ஒரே பக்கம். தண்ணீர்த் தொட்டி பின் சக்கர அச்சான ஆக்சிலுக்கும் பின்னால். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு பெரிய ஆட்கள் எப்போதும் வண்டியின் வாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. பின்னால் எடை இறங்க இறங்க முன் சக்கரத்தில் பிடி குறையும். ஸ்டீயரிங் மிதக்கிறது என்று எங்கள் டிரைவர் முதல் நாளே சொன்னார். புது வண்டிதானே, பழகிவிடும் என்று உங்கள் ஆள் போனில் பதில் சொன்னார்.

வடிவமைக்கிறவர் கம்ப்யூட்டரில் சோபா எங்கே, டி.வி. எங்கே என்று வரைகிறார். நல்லது. அதே படத்தில் ஒவ்வொரு பொருளின் எடையையும் எழுதி, முன்னால் பின்னால், இடது வலது கூட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகுமா? வண்டியைக் கொடுக்கும்போது எடைமேடை ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். வண்டியின் முழு உயரத்தையும், கூரை ஏ.சி.யோடு சேர்த்து, டிரைவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். எங்கள் பக்கம் ரயில்வே சுரங்கப்பாதைகள் நிறைய. வேன் கம்பெனி கொடுத்த உயரத்தை நம்பி உள்ளே விட்டால் ஏ.சி. வெளியே நின்றுவிடும்.

"நைட் முழுக்க ஏ.சி. ஓடும் சார்" என்று விற்பனையாளர் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். கணக்கு எளிது. 12 வோல்ட், 200 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியில் இருப்பது, இரண்டையும் பெருக்கினால், 2,400 வாட்-ஹவர், அதாவது 2,400 வாட்டை ஒரு மணி நேரம் இழுக்கிற அளவு. லெட் ஆசிட் பேட்டரியென்றால் ஆயுள் கெடாமல் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு டன் ஏ.சி. கம்ப்ரஸர் ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும், இன்வெர்ட்டரில் வீணாகப் போவது தனி. ஒரு பேட்டரிக்கு ஒரு மணி நேரம் வந்தால் பெரிது. மே மாதம் நள்ளிரவில் ஏ.சி. நின்றபோது, திறக்கிற ஜன்னல் ஒன்றுதான் இருந்தது, அதற்கும் கொசுவலை இல்லை. எண்ணூர்க் கொசுவைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு விளக்க முடியாது.

வயரிங்கிலும் இதே அலட்சியம்தான். 230 வோல்ட்டில் 1,200 வாட் என்றால் ஐந்து ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. அதே 1,200 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 100 ஆம்பியர். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் வயர் குறைந்தது 35 சதுர மி.மீ. இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் இருந்தது 10. தொட்டால் சுட்டது. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை. அந்த வயர் கம்பளம் போர்த்திய மரப்பெட்டிக்குள் ஓடுகிறது, பெட்டியும் ஒட்டப்பட்டது. வயரிங் வரைபடம் கேட்டோம். செய்த வயர்மேன் வேலையை விட்டுப் போய்விட்டாராம், அவருக்குத்தான் தெரியுமாம்.

இதுவரை சொன்னதெல்லாம் காசும் தலைவலியும். இனிச் சொல்வது உயிர்.

2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். அந்தச் செய்தி உங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அப்படியும் எங்கள் வண்டியில் ஜெனரேட்டர் பெட்டிக்கும் படுக்கைக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் பலகை. வயர் போவதற்குப் போட்ட துளையை எதுவும் வைத்து அடைக்கவில்லை. பானலை உடைத்ததால்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. ஒட்டியபடியே இருந்திருந்தால்? கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வைக்கவில்லை. கேட்டதற்கு, கஸ்டமர் யாரும் கேட்பதில்லை என்றார்கள். கஸ்டமருக்கு அது தெரியாது. தெரிந்தவர் நீங்கள்.

அப்புறம் கேஸ். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். பெட்டி கட்டுகிற வேலையில் இருந்த எங்களுக்கெல்லாம் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே சட்டத்தை மீறி ஏற்றினார்கள். நீங்களோ சிலிண்டருக்கு என்றே இடம் விட்டுக் கட்டுகிறீர்கள். அப்படியென்றால் பொறுப்பு இன்னும் கூட. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் அறையின் அடிப்பக்கத்தில் வெளியே போகிற துளை வேண்டும், உள்பக்கம் காற்று புகாமல் அடைத்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் மேல்பக்கம் அழகான காற்றோட்ட ஜாலி வைத்திருந்தார்கள், கீழே அடைப்பு. முழுக்கத் தலைகீழ்.

பின்கதவை மறித்துக் கட்டில் போட்டுவிட்டால் வெளியேற ஒரே வழி முன்பக்கம், அதாவது அடுப்பைத் தாண்டி. பஸ் பாடி விதிகளில் அவசர வழி கட்டாயம். மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 தரநிலை இருக்கிறது, உங்களில் பலர் அதன் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். சரி, ஆனால் அந்தச் சான்றிதழ் முதலில் காட்டிய ஒரு மாதிரி வண்டிக்குத்தான் வாங்கியது. அப்புறம் ஒவ்வொரு வாடிக்கையாளர் ஆசைக்கும் கட்டிலை இங்கே நகர்த்தி, கதவை அங்கே அடைத்துக் கட்டுகிறீர்களே, அந்த வண்டியை யார் சோதித்தது?

சின்னச் சின்னக் குறைகளும் உண்டு. அலமாரிக் கதவுகளுக்குக் காந்தப் பூட்டு. முதல் வேகத்தடையில் பாத்திரங்கள் எல்லாம் தரைக்கு வந்தன. கக்கூஸ் கதவு உள்பக்கம் திறக்கிறது. வயதானவர் உள்ளே விழுந்தால் கதவைத் திறக்கவே முடியாது. என் அண்ணி முழங்கால் வலிக்காரர். ஏறும் படி தரையிலிருந்து இருக்கும் உயரத்தைப் பார்த்ததுமே, நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க என்று வீட்டுக்குள் போய்விட்டார்.

குறை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரும்புச் சட்டத்தின் வெல்டிங் சுத்தமாக இருந்தது. குஷன் தையலில் ஒரு நூல் பிசகவில்லை. உங்களிடம் கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விலையைக் குறை, பளபளப்பைக் கூட்டு என்று வாடிக்கையாளர் நெருக்குவதும் எனக்குப் புரிகிறது. மறைந்திருக்கிற நல்ல ஸ்க்ரூவுக்கு யாரும் காசு தரமாட்டார்கள், கண்ணில் படும் டி.வி.க்குத் தருவார்கள். ஆனால் நான் கேட்பதில் பாதிக்குக் காசே ஆகாது. ஜெனரேட்டர் துளையை அடைக்க எவ்வளவு ஆகும்? ஜாலியைக் கீழே வைக்க எவ்வளவு ஆகும்? ஒட்டுவதற்குப் பதிலாக ஸ்க்ரூ போட்டு, மேலே ஒரு மூடி வைத்தால் அழகு எங்கே போய்விடும்?

ஆள் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கியது, எண்ணூரில் லாரி, பஸ் தொழிற்சாலை அதற்கும் முன்னால் வந்தது. இரண்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் முழுக்க இருக்கிறார்கள். வண்டி டெலிவரி கொடுப்பதற்கு முன்னால் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு ராத்திரி அதற்குள் தங்கச் சொல்லுங்கள். சமைக்கட்டும், குளிக்கட்டும், காலையில் மணலி சாலையில் ஒரு சுற்றுப் போய் வரட்டும். அவர் எழுதித் தரும் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், கோபப்படாதீர்கள். அப்படியே வயரிங் படம், குழாய்ப் படம், பானல் மூடுவதற்கு முன் எடுத்த போட்டோக்கள் மூன்றையும் வண்டிச் சாவியோடு கொடுங்கள். நீங்கள் கடையை மூடினாலும், வயர்மேன் ஊருக்குப் போனாலும், அடுத்தவன் வேலை செய்ய அது போதும்.

எங்கள் வண்டியை உங்கள் ஷெட்டுக்கு அனுப்பவில்லை. தண்டையார்பேட்டையிலேயே பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பேட்டரி வலது பக்கம் போய்விட்டது, தொட்டி ஆக்சிலுக்கு முன்னால் வந்துவிட்டது, குளியலறைச் சுவர் மாறிவிட்டது. பின்கதவு திறக்கும்படி கட்டிலை இரண்டாக வெட்டிக் கீல் போட்டிருக்கிறோம். கூரை பானல் வேலை மட்டும் பாக்கி. அது முடிந்ததும் உங்களில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் இருப்பேன். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் எடுத்து வாருங்கள், எந்தப் பானலை வேண்டுமானாலும் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில் பெட்டித் தொழிலாளி,
பெரம்பூர்.